அறிவித்தலுக்கு ஒரு படம்

மாளிகை பார்க்கப் போவோம் என்று அக்கா சொன்னபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். நவம்பர் தொடக்கம். வெளியே பனிமூட்டம். அவளுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். இனிக் கீமோ வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இந்த நிலைமையில் மாளிகையும் தோட்டமும் ஏரியும் யாருக்கு வேண்டும் என்று போனில் கத்தினேன். எனக்குக் கவலை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அதைப் புரிந்துகொண்டவர்கள் வீட்டில் இரண்டே பேர். அவர்களில் ஒருத்தி அக்கா.

"கத்தி முடிச்சிட்டியோ?" என்று கேட்டாள். "முடிஞ்சுதெண்டா ஞாயிற்றுக்கிழமை வெள்ளன வா. நான் உடுப்பெல்லாம் எடுத்து வைச்சிட்டன்."

நான் சூரிச்சில் ஓர்லிகோன் பக்கம் இருக்கிறேன். அக்கா இருந்தது வில் என்ற சின்ன நகரத்தில். அத்தான் மாரடைப்பில் போனபோது அவர்களுடைய ஒரே மகன் அப்போதுதான் கிண்டர்கார்டனுக்குப் போகத் தொடங்கியிருந்தான். அதற்குப் பிறகு அவனை வளர்ப்பதும், ஒரு முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிப்பதுமாகவே அவளுடைய காலம் போனது. ஊர் சுற்றிப் பார்க்க வேண்டுமென்று அவள் கேட்டு நான் அறிந்ததில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு விளங்கவில்லை.

அந்த மாளிகைக்கு நான் அதற்கு முன் போனதில்லை. ஆனால் தெரியாத இடம் என்றும் சொல்ல முடியாது. கிழக்குச் சுவிஸில் எங்கள் ஆட்கள் வீட்டுக் கல்யாண அல்பம் எதைத் திறந்தாலும் அந்தக் கல்படி வந்துவிடும். அவுட்டோர் என்று அதற்குப் பெயர். மாப்பிள்ளை பொம்பிளையைத் தூக்கிக்கொண்டு படியில் நிற்பார். அடுத்த பக்கத்தில் பொம்பிளை தனியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு யோசிப்பாள். அப்படி என்னத்தை யோசிக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லா அல்பத்திலும் ஒரு அன்னம் வந்து கழுத்தை நீட்டும். கூலி வாங்காமல் எங்கள் சனத்துக்கு உழைத்த ஒரே ஆள் அந்த அன்னம்தான் என்று நான் பகிடி விடுவதுண்டு.

வில்லிலிருந்து ரயிலில் போய், பிறகு மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் ஏறினோம். அக்கா தடித்த ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தாள். தலையில் கம்பளித் தொப்பி. பஸ்ஸில் எங்களைத் தவிர ஒரு கிழட்டு நாயும் அதன் சொந்தக்காரரும்தான். வயல்களெல்லாம் உழுது விட்டிருந்தார்கள். ஆப்பிள் மரங்களில் ஒன்றிரண்டு அழுகல் பழங்கள் மட்டும் தொங்கின. அப்போதுதான் வாய் திறந்தாள்.

"எனக்கு ஒரு படம் வேணும். மரண அறிவித்தலுக்குப் போடுறதுக்கு."

"விசர்க்கதை கதையாதை, அக்கா."

"விசர் இல்லை. நீயே யோசிச்சுப் பார். எங்கடை சனம் ஆள் செத்தாப் பிறகுதானே படம் தேடுறது? பேந்து ஆற்றையோ கலியாண வீட்டிலை எடுத்ததை வெட்டிப் போடுறது. தோளிலை வேறை ஒருத்தற்றை கை கிடக்கும். உந்த மாமிக்குப் போட்ட படத்தைப் பாத்தனியெல்லே, வாய்க்கை சோறு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்து, அது நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நாய்க்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு உப்பிடி வேண்டாம்," என்றாள். "நல்ல சேலையோடை, பொட்டோடை, வடிவா ஒரு படம்."

பொட்டோடு என்று அவள் சொன்னதும் திரும்பி அவளைப் பார்த்தேன். புருஷன் போனால் பொம்பிளை பொட்டு வைப்பதில்லை என்பது எங்களோடு விமானம் ஏறி வந்த வழக்கங்களில் ஒன்று. இங்கே அதைச் சட்டமென்று யாரும் எழுதி வைக்கவில்லை. இளம் பெண்கள் சிலர் இப்போது அதைக் கணக்கெடுப்பதுமில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் மீறியதில்லை. அத்தான் போன நாளிலிருந்து அக்காவின் நெற்றியில் திருநீறு மட்டும்தான். கல்யாண வீடுகளில் யாராவது ஏதும் சொல்வதற்கு முன்பே தானாகப் பின்வரிசைக்குப் போய்விடுவாள். சனம் சொல்லித் துரத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

"மகனுக்குச் சொன்னனியே?"

"அவனுக்குச் சொல்ல வெக்கமாக் கிடக்கு. நீ எடு. என்ரை கண் மூடினாப் பிறகு நீ குடு. வேறை ஒரு படமும் போட விடாதை. சரியோ?"

"சரி," என்றேன்.

அந்த வருடத்துக்கு மாளிகை திறந்திருந்த கடைசி ஞாயிறு அது என்பது வாசலில்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் எலுமிச்சை நிறத்தில் இலை உதிர்க்கும் மரங்கள். உள்ளே போனால் அல்பங்களில் பார்த்த எதையும் காணவில்லை. பூப்பாத்திகளைக் கிண்டி வெறும் மண்ணாக விட்டிருந்தார்கள். நீரூற்றில் தண்ணீர் வடித்து, தொட்டிக்குள் இலை குவிந்து கிடந்தது. படியின் இரு பக்கமும் நின்ற கல் பொம்பிளைச் சிலைகளைச் சுற்றிப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள் தோட்டக்காரர்கள். பனியில் கல் வெடிக்காமல் இருக்க ஒவ்வொரு குளிர்காலமும் அப்படிச் செய்வார்களாம். ஒரு பொம்பிளைக்கு முகம் மட்டும் மூடாமல் மிச்சம் இருந்தது.

"பார், எனக்கு முதல் இவளுக்குப் பெட்டி அடிச்சிட்டாங்கள்," என்றாள் அக்கா.

"வாயை மூடிக்கொண்டு நட," என்றேன். எனக்கு உண்மையிலேயே அழுகை வரப் பார்த்தது.

உள்ளே பார்க்க வேண்டுமென்று அவள்தான் அடம்பிடித்தாள். மரத்தளத்தில் கீறல் விழாமல் இருக்கச் சப்பாத்துக்கு மேல் பெரிய கம்பளிச் செருப்பு மாட்டச் சொன்னார்கள். நாங்களும் நாலைந்து வெள்ளைக்காரக் கிழவர்களும் அந்தச் செருப்புகளைத் தேய்த்துக்கொண்டு அறை அறையாகப் போனோம். அக்காவுக்கு அந்த நடை வசதியாகிவிட்டது. அங்கே யாருமே காலைத் தூக்கி நடக்கவில்லை. அவள் தேய்த்துத் தேய்த்து நடந்தது தனியாகத் தெரியவில்லை.

விளக்கம் சொல்ல வந்தவள் கழுத்தில் பட்டுத்துணி சுற்றிய மெலிந்த பெண். லினன் துணி வியாபாரத்தில் பணம் பார்த்த குடும்பமாம். தலைமுறை தலைமுறையாக ஓவியங்களில் சுவர் முழுக்கத் தொங்கினார்கள். சிவந்த கன்னமும் பெரிய வயிறுமாக ஆண்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள். ஒரு படத்துக்கு முன்னால் அந்தப் பெண் நின்றாள். இளம் வயதில் புருஷனை இழந்து, பிறகு இந்தத் தோட்டம் முழுவதையும் திட்டம் போட்டு உருவாக்கிய சீமாட்டியாம். சாகும்வரை கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்தவில்லையாம்.

"இங்கையும் இதுதான் கூத்தோ," என்று அக்கா தமிழில் முணுமுணுத்தாள். பிறகு கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். "கறுப்பு உடுத்தாலும் ஆள் காதுத் தோட்டைக் கழட்டேல்லை. பார், என்ன வடிவான முத்து."

விளக்கம் சொன்னவள் எங்களுக்கு ஏதும் கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். அக்கா தன் சுத்தமான சுவிஸ் ஜெர்மனில், இந்தப் படத்தை வரையச் சொன்னது அந்தச் சீமாட்டியா அல்லது அவளுடைய பிள்ளைகளா என்று கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, தெரியாது, இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்று சொன்னாள். அக்கா தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

பெரிய மண்டபத்து ஜன்னலால் பார்த்தால் புல்வெளி வளைந்து வளைந்து இறங்கி ஏரியில் போய் முடியும். அன்று பாதி தூரத்துக்கு மேல் வெள்ளையாக மூட்டம்தான். அந்தப் புல்மேடு மனிதர்கள் மண் கொட்டிச் செய்தது, அந்த ஓடையும் வெட்டியது, முன்பு அங்கே சில குடியானவர் வீடுகள் இருந்தன, ஜன்னலிலிருந்து ஏரி தெரிவதற்கு இடைஞ்சலாக இருந்ததால் இடித்துவிட்டார்கள் என்று விளக்கம் ஓடியது. கிழவர்கள் எல்லோரும் "ஆ, ஆ" என்று ரசித்தார்கள். எனக்கு அந்த வீட்டுக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு எங்கே போயிருப்பார்கள் என்ற நினைப்புத்தான் வந்தது. நாட்டை விட்டு வந்தவளுக்கு வேறு என்ன நினைப்பு வரும்?

பார்த்து முடிந்ததும் அக்கா கழிப்பறையைத் தேடினாள். நானும் கூடப் போனேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஜாக்கெட்டைக் கழற்றினாள். உள்ளே அரக்குச் சேலை. எனக்கு அந்தச் சேலையைத் தெரியும். யாருடையவோ கல்யாணத்துக்கு ஆசையாக வாங்கி, கடைசி நேரத்தில் பயந்து, சாம்பல் நிறச் சேலையோடு போனாள். அதற்குப் பிறகு அலுமாரியைவிட்டு வெளியே வந்ததில்லை. மெலிந்துபோன உடம்பில் சேலை நிற்கவில்லை. பின்னால் நாலு இடத்தில் மடித்து ஊசி குத்தினேன். தொப்பியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து விக்கை எடுத்து மாட்டிச் சீவினாள்.

"உன்ரை பொட்டு ஒண்டு தா."

என் கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை கிடக்கும். நீட்டினேன். சின்னதைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். இருந்ததில் பெரியதை உரித்தாள். வைக்கும்போது கோணலாகப் போய்விட்டது. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் கோணல். இத்தனை வருடத்தில் நெற்றியின் நடு எது என்று விரலுக்கு மறந்துபோயிருந்தது. கடைசியில் நான்தான் வாங்கி வைத்துவிட்டேன். கண்ணாடியில் தன்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவைத் திறந்து யாரோ வந்த சத்தம் கேட்டதும் கை தானாக நெற்றியை மறைக்கப் போனது. வந்தவள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. சேலை அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஏரிக்கரைவரை நடக்க நெடுநேரம் எடுத்தது. இடையிடையே தோட்டத்து மரவாங்குகளில் உட்கார்ந்தோம். வாங்கெல்லாம் ஈரம். படியில் எடுப்போம் என்றால் அங்கே பலகைப் பெட்டிகள். மரத்தடியில் எடுப்போம் என்றால் தோட்டக்காரர்களின் தள்ளுவண்டி. கடைசியில் தண்ணீருக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தின் தொடக்கத்தில் அவளை நிறுத்தினேன். படகுகளைத் தார்ப்பாயால் மூடிக் கட்டியிருந்தார்கள். எதிர்க்கரை இல்லை, வானம் இல்லை, எல்லாம் ஒரே சாம்பல். அன்னத்தையும் காணோம். அவள் ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் தந்தாள். குளிரில் கைகள் நீலம் பாய்ந்துவிட்டன.

"கெதியா எடு, பல்லுக் கிட்டுது."

"சிரி அக்கா."

"செத்த அறிவித்தலிலை சிரிச்சா சனம் என்ன சொல்லும்?"

"பொட்டோடை செத்தாலே சனம் கதைக்கும். பேந்தென்ன, சிரி."

சிரித்தாள். பல் தெரியாத ஒரு சிரிப்பு. அந்த நேரம் பார்த்து நான் அழுத்தினேன். பின்னால் சாம்பல் நிற ஏரி, அரக்குச் சேலை, நெற்றி நடுவில் வட்டப் பொட்டு. நான் எடுக்கும் படங்களில் பாதி தலை இருக்காது என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். அந்தப் படம் மட்டும் அச்சொட்டாக வந்தது. காட்டினேன். போனைக் கையில் வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது நான்தான்," என்றாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஏற முன்பே பொட்டை உரித்து என் அட்டையில் திரும்ப ஒட்டித் தந்துவிட்டாள். ரயிலில் முழு நேரமும் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

தைப்பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள். கடைசி வாரம் மருந்து மயக்கத்திலேயே கிடந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன், மகனும் இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் அவனிடம், படம் ஒன்றும் தேடாதே, என்னிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு அது பெரிய ஆறுதல். எங்கள் ஆட்களின் அறிவித்தல்களைக் கணினியில் செய்துகொடுக்கும் பீல் நகரப் பக்கத்துத் தம்பி ஒருவரின் நம்பரைத் தந்தான். நானே படத்தை அனுப்பினேன். விபரங்களை அவன் எழுதி அனுப்பினான்.

அன்று மாலை அறிவித்தல் போனில் வந்தது. நான் ஓர்லிகோனில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே தாமரை, நடுவில் அக்கா. ஏரியை எடுத்துவிட்டு நீல வானம் போட்டிருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் தோல் மற்ற இடங்களைவிட வழவழப்பாக இருந்தது. அடுப்பை அணைக்க மறந்துபோய் அந்தத் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"ஏன் பொட்டை அழிச்சனீங்கள்?"

"அதுவோ அக்கா?" என்றார், மிகவும் பணிவான குரலில். "எழுதித் தந்ததிலை காலஞ்சென்ற இன்னாரின் மனைவி எண்டு கிடந்தது. பழைய படத்தை மறந்துபோய் அனுப்பிட்டியள் எண்டு நினைச்சன். உப்பிடி நிறையப் பேர் அனுப்புறவை. சனம் கதைச்சா உங்களுக்குத்தானே மனவருத்தம். அதாலை நானே வடிவா எடுத்துவிட்டன். தெரியுதே, எடுத்ததெண்டு?"

நன்றி சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. ஆனால் திட்டவும் வாய் வரவில்லை. அந்த மனிதர் அக்காவுக்கு நன்மை செய்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த நன்மை அதுதான். பொட்டோடு மாற்றித் தரச் சொன்னேன். உண்மையாவோ என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, சரி அக்கா, வெளியே அனுப்ப முதல் மகனிடம் ஒருக்கால் கேளுங்கள் என்றார். சிறிது நேரத்தில் இரண்டாவதும் வந்தது. பொட்டு இருந்தது.

அடுத்த ரயிலில் வில்லுக்குப் போனேன். போகும் வழி முழுவதும் சண்டைக்கு வசனம் சேர்த்துக்கொண்டே போனேன். மகன் அக்காவின் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். முப்பது வயது தாண்டியவன், வங்கியில் வேலை, கழுத்துப்பட்டியைக்கூடக் கழற்றாமல் இருந்தான். போனை மேசையில் வைத்து இரண்டு படத்தையும் காட்டினேன். மாளிகைக்குப் போனது, சேலை, பொட்டு, வேறு படம் போட விடாதே என்று அவள் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா எனக்குச் சொல்லேல்லையே," என்றான்.

"உனக்குச் சொல்ல வெக்கம் எண்டவ."

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பொட்டோடு இருந்த படத்தில் விரலை வைத்து அந்த முகத்தைப் பெரிதாக்கினான். பிறகு மெல்லப் போனை என் பக்கம் தள்ளிவிட்டான்.

"சித்தி, கோவிக்காதேங்கோ. இதிலை அம்மா எனக்கு ஃப்ரெம்ட். ஆரோ வேறை ஆள் மாதிரிக் கிடக்கு." கழுத்துப்பட்டியை இழுத்துத் தளர்த்தினான். "எனக்கு அம்மாவைப் பொட்டோடை ஞாபகமே இல்லை. ஒருநாளும் பாத்ததாவே தெரியேல்லை. செத்தவீட்டிலை நான் கடைசியாப் பாக்கிற படம் எனக்குத் தெரிஞ்ச அம்மாவா இருக்க வேணும்."

சேர்த்துக்கொண்டு வந்த வசனம் ஒன்றும் இவனுக்குப் பொருந்தவில்லை. சனத்துக்குப் பயந்து கேட்டிருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். இவன் தன் தாயைத்தான் கேட்டான்.

"அம்மா அப்பிடி ஆசைப்பட்டவ எண்டா நீங்கள் அதையே போடுங்கோ," என்றான் பிறகு. "நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்களே முடிவெடுங்கோ, சித்தி."

அவன் அழுது நான் பார்த்ததில்லை. மேசையில் கவிழ்ந்து அழுதான். அவனுடைய தலையைத் தடவிக்கொண்டே, மற்றக் கையால் அந்தத் தம்பிக்கு எழுதினேன்: நீங்கள் முதல் அனுப்பின பொட்டில்லாத படத்தையே போடுங்கோ.

செத்தவீட்டு மண்டபத்தில் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் என்ன சாந்தமான முகம், உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கு என்றார்கள். யார் எடுத்த படம் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் கடைசிவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.